நைட்ரஜன் வீடு

வேதியியல் டீச்சர் வீட்டில் தண்ணீர் நிற்பதில்லை என்று ஆனது ஆண்டுத் தேர்வுக்கு முந்தைய வாரத்தில். குழாயைத் திறந்தால் தண்ணீர் வரும் சத்தம் ஒழுங்காகக் கேட்கும், மீட்டரும் ஓடும், ஆனால் வாளியில் ஒரு சொட்டு இருக்காது. குழாயின் வாயைத் தாண்டிய நொடியில் அது காற்றாகிவிடும். கொதித்து எழும் ஆவி இல்லை, சூடே இல்லாத வெறும் காற்று. அந்தக் காற்றுக்கு வீட்டில் இடம் போதாமல் ஜன்னல் திரைகளைத் தள்ளிக்கொண்டு வெளியேறும். வெளியே போனதும் அதற்குப் புத்தி வந்து, மறுபடி தண்ணீராகிச் சுவரோரமாகத் தூறும். கொளுத்துகிற வெயிலிலும் அந்த வீட்டைச் சுற்றி ஒரு முழ அகலத்துக்கு மழை பெய்துகொண்டிருந்தது. முதல் நாள் தெருவே நின்று வேடிக்கை பார்த்தது. அதற்குப் பிறகு, அந்தச் சுவரோரம் சைக்கிள் நிறுத்தினால் சீட்டு நனையும் என்பதைத் தவிர யாருக்கும் அதைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இருக்கவில்லை.

டீச்சரின் கணவர் வெல்டர். தெருமுனையில் அவருக்குப் பட்டறை உண்டு. எங்கள் தெருவில் இருக்கிற பாதி கேட்டும் ஜன்னல் கம்பியும் அவர் ஒட்டவைத்தவை. இருவரும் இரண்டு குடும்பங்களின் பேச்சையும் மீறிக் கல்யாணம் செய்துகொண்டவர்கள். அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் ஒருவர்கூட எட்டிப் பார்க்கவில்லை. அந்தக் கோபத்தில் அவர்கள் ஒருவரை ஒருவர் இறுகப் பிடித்துக்கொண்டதில் தப்பு சொல்ல முடியாது. ஆனால் அந்தப் பிடியில் உலகத்தில் மற்றவர்கள் இருப்பதே அவர்களுக்கு மறந்துபோனது. குடிவந்த அன்று குழாய் இணைப்பு இன்னும் வரவில்லை என்று கேள்விப்பட்டு, பக்கத்து வீட்டுத் தையல்காரம்மா ஒரு பித்தளைக் குடத்தில் தண்ணீர் கொண்டுபோனார். டீச்சர் மரியாதையாகத்தான் பேசினார். "வேண்டாங்க, நாங்க பாத்துக்கறோம்" என்று சொல்லிக் கதவைச் சாத்தினார். சாத்தின வேகத்தில் குடத்துத் தண்ணீர் குலுங்கித் தன் காலில் கொட்டியது என்று தையல்காரம்மா ரொம்ப காலம் சொல்லிக்கொண்டிருந்தார். அந்தக் கால் காய்ந்துவிட்டது, மனசு காயவில்லை.

எதிர்வீட்டில் குடியிருந்த ஃபிசிக்ஸ் சார்தான் அவர்களுக்கு நைட்ரஜன் என்று பேர் வைத்தவர். காற்றில் பெரும்பங்கு நைட்ரஜன்தான், ஆனால் அது எந்தச் சமாச்சாரத்திலும் கலந்துகொள்ளாது. இரண்டு அணுக்கள் மூன்று கைகளால் ஒன்றை ஒன்று பிடித்துக்கொண்டிருக்கும். பக்கத்தில் இருப்பவருக்கு நீட்டக் கை மிச்சமிருக்காது. சார் இதைப் பள்ளியின் ஆசிரியர் அறையில் சொல்லப்போக, அது பிள்ளைகள் காதில் விழுந்து, தபால்காரர் வரைக்கும் போய், அந்த வீட்டுக்கு நைட்ரஜன் வீடு என்று நிலைத்துவிட்டது. டீச்சருக்கும் தெரியும். அவர் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டார்.

இனி அந்த வாரத்து விஷயம். எங்கள் பள்ளியில் தேர்வுக்கு முன்னால் ஒரு வழக்கம் உண்டு. ஒவ்வொரு ஆசிரியரும் கேள்வி வராது என்று தோன்றுகிற பகுதிகளைச் சொல்வார், பிள்ளைகள் புத்தகத்தில் அதன்மேல் குறுக்காகக் கோடு போட்டு அடித்துவிடுவார்கள். பென்சிலால்தான் அடிக்க வேண்டும்; ஒருவேளை கேள்வி வந்துவிட்டால் அழித்துக்கொள்ளலாம் என்கிற அவநம்பிக்கைதான் காரணம். டீச்சருக்கு அப்போது வயிற்றில் குழந்தை, காலையிலிருந்து குமட்டல். அயனிப்பிணைப்பு, சகப்பிணைப்பு, உலோகப் பிணைப்பு எல்லாம் முடித்தாகிவிட்டது. கடைசியாக மிச்சமிருந்தது மூலக்கூறுகளுக்கு இடையில் இருக்கிற விசைகள், அதில் ஹைட்ரஜன் பிணைப்பு. அவர் புத்தகத்தை ஒரு தடவை புரட்டிவிட்டுச் சொன்னார்: "இது பலவீனமான பிணைப்பு. இருந்தாலும் ஒண்ணுதான், இல்லாட்டியும் ஒண்ணுதான். அடிச்சுடுங்க. பென்சில் தேடிக்கிட்டு இருக்காதீங்க, பேனாலயே அடிங்க." தன் புத்தகத்திலும் சிவப்பு மையால் ஒரு பெருக்கல் குறி போட்டார். அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போய்க் கை கழுவக் குழாயைத் திறந்தார்.

இதற்கும் அதற்கும் சம்பந்தம் உண்டு என்று இன்றுவரை யாரும் நிரூபிக்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். அதே வாரம் பூகோள டீச்சர் ஒரு மலைத்தொடரையே அடிக்கச் சொன்னார். மலை இடத்தைவிட்டு அசையவில்லை.

முதலில் பயந்தது வெல்டர். பட்டறையில் நாளெல்லாம் ஆக்சிஜன் சிலிண்டரோடு குடும்பம் நடத்துகிறவர். தண்ணீர் என்பது ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் சேர்ந்தது என்று மனைவி எப்போதோ சொன்னது அவருக்கு ஞாபகம் வந்தது. அது பிரிந்து வீடு முழுக்க நிற்கிறது, ஒரு தீக்குச்சி கிழித்தால் கூரை போய்விடும் என்று முடிவுகட்டி, அடுப்பின் பக்கமே போகாமல், ஸ்விட்ச் போடாமல், மனைவியைக் கையைப் பிடித்து வாசலுக்கு இழுத்துக்கொண்டு வந்தார். டீச்சருக்கு அந்த நிலையிலும் சிரிப்பு வந்தது. பரீட்சைத் தாளில் வருஷா வருஷம் பிள்ளைகள் எழுதுகிற தப்பு அது. தண்ணீர் ஆவியாகும்போது ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் பிரிகின்றன என்று எழுதுவார்கள், அவர் சுழித்து முட்டை போடுவார்.

"தண்ணி உடையலங்க" என்றார் டீச்சர். "ஒவ்வொரு மூலக்கூறும் முழுசா, நல்லா கெட்டியாத்தான் இருக்கு. உள்ளுக்குள்ள இருக்கிற பிடிப்புக்கு ஒண்ணும் ஆகல. பக்கத்துல இருக்கிறது வேண்டாம்னுதான் போயிடுச்சு."

வெல்டர் தூறலில் நனைந்தபடி கொஞ்ச நேரம் யோசித்தார். "நம்மள மாதிரி" என்றார்.

அதன் பிறகு அவர்கள் அந்த வீட்டின் சட்டதிட்டங்களை ஒவ்வொன்றாகத் தெரிந்துகொண்டார்கள். மூடிய பாட்டிலில் தண்ணீர் கொண்டுவந்தால் வாசற்படியைத் தாண்டியதும் பாட்டில் உப்பி, மூடி போய்க் கூரையில் அடிக்கும். டீ கொண்டுவந்தால் டம்ளரின் அடியில் கொஞ்சம் பழுப்புத் தூளும் சர்க்கரையும் மிஞ்சும். எண்ணெய்க்கு அந்த வீட்டோடு எந்தச் சண்டையும் இல்லை. அது சொன்ன இடத்தில் நின்றது. அதனால் கொஞ்ச காலம் அவர்கள் வறுத்ததும் பொரித்ததுமாகச் சாப்பிட்டு, வெல்டருக்குத் தொப்பை போட்டது. உப்பு ஜாடியில் உப்பு மணல் மாதிரி உதிர்ந்தது. வியர்வை தோலைவிட்டு வெளியே வந்ததும் காணாமல் போனது. கண்ணீரும் அப்படியே; டீச்சர் அழுதால் கண் சிவக்கும், கன்னம் காய்ந்தபடியே இருக்கும். உடம்புக்குள் இருக்கிற தண்ணீரை மட்டும் அது தொடவில்லை. தோலுக்கு உள்ளே இருப்பது மனிதர் சொத்து, வெளியே வந்தால்தான் வீட்டுச் சொத்து என்று ஏதோ ஒரு நியாயம் அதற்கு இருந்திருக்க வேண்டும். அந்த நியாயத்துக்கு நாம் எல்லோரும் கும்பிடு போடலாம்.

வேறு வீட்டுக்குப் போய்ப் பார்க்காமலும் இல்லை. இரண்டு தெரு தள்ளி ஒரு வீடு பிடித்துச் சாமானை ஏற்றினார்கள். சாவி டீச்சர் கைக்கு வந்தது, அங்கேயும் குழாய் காற்றை ஊதியது. பழைய வீட்டில் அதற்குள் தண்ணீர் சாதாரணமாக ஓட ஆரம்பித்திருந்தது. அவர்கள் திரும்பி வந்ததும் மறுபடி நின்றது. பள்ளியிலோ பட்டறையிலோ பிறர் வீட்டிலோ டீச்சர் இருந்தால் ஒரு தொந்தரவும் இல்லை. தன் வீடு என்று அவர் நினைக்கிற இடத்தில் மட்டுமே இந்தக் கதை. ஆகவே ஓடிப்போவதில் பிரயோஜனமில்லை என்று ஆனது.

இப்படியே எப்படியோ ஓட்டியிருப்பார்கள். குளியல் பட்டறையின் பின்புறம், தகரத்தை மறைப்பு கட்டி. குடிக்க வேண்டுமென்றால் வாசலில் நின்று தங்கள் தூறலையே டம்ளரில் பிடித்துக் குடித்தார்கள். ஆனால் வயிறு வளர்ந்துகொண்டிருந்தது. ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். குழந்தை மிதப்பது தண்ணீரில்தானே என்றார். "பனிக்குடம் அந்த வீட்ல உடைஞ்சா என்ன ஆகும்னு நான் படிச்ச எந்தப் புத்தகத்துலயும் இல்லம்மா. இந்த மாசத்துல இருந்து அங்க படுக்காதீங்க. அம்மா வீட்டுக்குப் போங்க." அம்மா வீடு இல்லை என்பதை டீச்சர் அங்கே சொல்லவில்லை. வெளியே வந்து, ஆஸ்பத்திரி வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து, தன் வயிற்றில் கை வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் இருந்தார். உள்ளே இருப்பது ஒரு குடம் தண்ணீரும் அதில் ஒரு பிள்ளையும். அதை வைக்க ஊரில் ஒரு இடம் இல்லை. தானே கதவைச் சாத்திச் சாத்திச் சம்பாதித்த நிலைமை இது என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

முதலில் அவர் தண்ணீரைச் சமாதானப்படுத்தப் பார்த்தார். தேர்வு முடிந்து அடுத்த வகுப்புக்குப் போய்விட்டிருந்த அந்தப் பிள்ளைகளைக் கூப்பிட்டு, அடிக்கச் சொன்ன பாடத்தை ஒரு மதியம் முழுக்க நடத்தினார். அன்று கேட்டவர்கள் அதை மறக்கவில்லை. தண்ணீர் மூலக்கூறில் ஆக்சிஜன் கொஞ்சம் பேராசை பிடித்தது, பகிர்ந்த எலக்ட்ரானைத் தன் பக்கமே இழுத்து வைத்துக்கொள்ளும். அதனால் ஹைட்ரஜன் சற்று வெறுங்கையோடு நிற்கும். நிற்கிற ஹைட்ரஜன் பக்கத்து வீட்டு ஆக்சிஜன் மேல் சாய்ந்துகொள்ளும். அவ்வளவுதான் ஹைட்ரஜன் பிணைப்பு. தனியாக எடுத்தால் ஒன்றுக்கும் ஆகாது. கண் இமைப்பதற்குள் எண்ண முடியாத தடவை அறும், அறுந்த கையோடு வேறொரு பக்கத்து வீட்டைப் பிடித்துக்கொள்ளும். ஆனால் அது இல்லாவிட்டால் ஆறு இல்லை, கடல் இல்லை, பனிக்கட்டி உறைகிற குளிரிலும் தண்ணீர் காற்றாகத்தான் அலையும். வீட்டுக்குப் போய் நம்பிக்கையோடு குழாயைத் திறந்தார். திரை படபடத்தது. தண்ணீர் பாடத்துக்கெல்லாம் மயங்குகிற ஜாதி இல்லை.

அன்று மாலையே அவர் பக்கத்து வீட்டு வாசலில் போய் நின்றார். கையில் ஒன்றும் இல்லை. தையல்காரம்மா மிஷினில் குனிந்திருந்தார்; நிழல் விழுந்ததைப் பார்த்தார், ஆனால் தைத்துக்கொண்டிருந்த ஓரம் முடியும்வரை நிமிரவில்லை. அது ஒரு ஜன்னல் திரைச்சீலை, ஓரம் நீளமானது. அதன் முழு நீளத்துக்கும் டீச்சர் நின்றார்.

"அக்கா" என்றார் கடைசியில். அந்தச் சொல்லை அந்தத் தெருவில் அவர் முதல் தடவையாகச் சொன்னார். "கொஞ்சம் தண்ணி வேணும். தண்ணி மட்டும் இல்ல. படுக்கவும் இடம் வேணும்."

தையல்காரம்மா நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். உள்ளே போய்க் குடத்தோடு வந்தார். அதே பித்தளைக் குடம்.

"கதவைச் சாத்த மாட்டீங்கன்னா உள்ள வாங்க" என்றார்.

டீச்சர் உள்ளே போனார். குடத்தைச் சாய்த்துக் கொடுக்கக் கொடுக்கக் கைகளைக் குவித்து வாங்கிக் குடித்தார். கையில் தண்ணீர் நின்றது. விரலிடுக்கில் வழிந்து முழங்கைக்குப் போய் அங்கிருந்து சொட்டியது. தன் வீட்டில் எத்தனையோ நாளாக இல்லாத அந்தச் சொட்டும் சத்தத்தைக் கேட்டதும், அவருக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. தையல்காரம்மா துணி வெட்டி மிஞ்சிய துண்டொன்றை எடுத்து முகம் துடைக்கக் கொடுத்து, அது வாடிக்கையாளர் துணி, மூக்கைச் சிந்தாதே என்றார். நீங்கள் என்பது நீ ஆனது அந்த வாக்கியத்தில்தான்.

குழந்தை பிறக்கும்வரை டீச்சர் அங்கேதான் படுத்தார். வெல்டர் இரண்டு வீட்டுக்கும் நடுவில் இருந்த மதிலில் ஒரு ஆள் நுழைகிற அளவுக்கு இடித்து, அங்கே ஒரு கேட் செய்து மாட்டினார். கேட்டுக்குத் தாழ்ப்பாள் வைக்கவில்லை. மறந்துவிட்டேன் என்றார், அவர் தொழிலில் எதையும் மறக்கிறவர் இல்லை.

பெண் குழந்தை. ஆஸ்பத்திரியில் பிறந்து, நல்லபடியாக வீடு வந்தது. அந்த வீட்டுக்குள் பச்சைக் குழந்தைக்கு எப்படிப் பால் கொடுப்பது என்று எல்லோரும் கவலைப்பட்டது வீண். தாய்ப்பால் அந்த வீட்டின் காற்றைச் சந்திப்பதே இல்லை. ஒரு உடம்பிலிருந்து நேராக இன்னொரு உடம்புக்குப் போய்விடுகிறது. குழந்தை எப்போது பார்த்தாலும் உலர்ந்தே இருந்தது. தொட்டில் துணியை மாற்ற வேண்டிய வேலையே அந்தத் தாய்க்கு இல்லை என்று தெரிந்ததும் தெருவில் கைக்குழந்தை வைத்திருந்தவர்கள் பெருமூச்சு விட்டார்கள். இரண்டொருவர் தங்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு பேச வருகிற சாக்கில் மதியம் முழுக்க அங்கேயே படுக்கவைத்தார்கள். நனையாத பிள்ளை என்பதால் எல்லோரும் அவளைப் பஞ்சு என்று கூப்பிட்டார்கள். பள்ளியில் சேர்த்த பிறகும் அதுதான் பேர்.

அந்த வருஷ மழைக்காலத்தில் தையல்காரம்மாவுக்கு ஒரு யோசனை வந்தது. மூன்று நாளாகக் காயாமல் நாற்றமெடுத்த போர்வையைத் தூக்கிக்கொண்டு கேட்டைத் தாண்டிப் போனார். நைட்ரஜன் வீட்டின் வாசற்படியில் சொட்டச் சொட்ட இருந்த போர்வை கூடத்தில் மொறமொறவென்று இருந்தது. விஷயம் பரவ ஒரு பகல் பிடித்தது. அன்றிலிருந்து மழைக்காலமெல்லாம் தெருவின் ஈரம் முழுக்க அந்த வீட்டுக்குத்தான் வந்தது: சீருடை, சாக்ஸ், தலையணை, வெல்டரின் கையுறை, நனைந்துபோன உப்பு. ஃபிசிக்ஸ் சார் ஈரத்தில் பூஞ்சை பிடித்த தன் புத்தகங்களை அலமாரியோடு கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார். துணி காய்வது சுலபம், காய்ந்ததை வெளியே கொண்டுபோவதுதான் கஷ்டம். சுவரோரத் தூறல் இன்னும் பலமாகப் பெய்யும், குடை பிடித்துத்தான் கடக்க வேண்டும். அதற்காக வாசலில் எப்போதும் ஒரு பொதுக் குடை தொங்கியது. அது யாருடையது என்று யாருக்கும் தெரியாது.

தண்ணீருக்கும் அப்படி ஒரு ஒழுங்கு தானாக வந்தது. காலைக் குளியல் தையல்காரம்மா வீட்டில், குழம்பும் ரசமும் கொதிப்பது ஃபிசிக்ஸ் சார் வீட்டு அடுப்பில், பஞ்சுவின் பால் டம்ளர் தெருவில் எந்த வீட்டில் வேண்டுமானாலும். சண்டையும் வந்தது, வராமல் இருக்குமா? பாவாடைக்கு அளவு தப்பாகச் சொன்னது யார் என்பதில் டீச்சரும் தையல்காரம்மாவும் பேசாமல் இருந்தார்கள். மூன்றாம் நாள் தண்ணீருக்கு ஒருத்தி போயே ஆக வேண்டும், ஈரத் துணிக்கு இன்னொருத்தி வந்தே ஆக வேண்டும். கேட்டின் நடுவில் முட்டிக்கொண்டார்கள், பேசிக்கொண்டார்கள். இப்படி எத்தனையோ முறை அறுந்தது, அத்தனை முறையும் ஒட்டிக்கொண்டது. சிறு வகுப்பில் பஞ்சுவைத் தண்ணீர் எங்கே கிடைக்கும் என்று கேட்டதற்கு, மற்ற பிள்ளைகள் ஆறு, குளம், கிணறு என்று சொல்ல, அவள் "தையல் பெரியம்மா வீட்டுல" என்றாள். டீச்சர் அதைக் கேட்டுச் சிரித்தார். சிரித்துவிட்டு, அது சரியான பதில்தான் என்று வகுப்பாசிரியரிடம் போய்ச் சொன்னார்.

பஞ்சு வாசிக்கத் தொடங்கிய வருஷம், மேலே எங்கோ அணை தாங்காமல், ஒரு விடிகாலையில் ஆறு எங்கள் தெருவுக்குள் வந்தது. முதலில் கணுக்கால், பிறகு முழங்கால், பல் துலக்கி முடிப்பதற்குள் இடுப்பு. மாடி வீடு எங்கள் தெருவில் கிடையாது. யாரும் யோசிக்கவில்லை, கூடிப் பேசவுமில்லை. எல்லோரும் நைட்ரஜன் வீட்டுக்குப் போனார்கள். கிழடுகளை முதுகில் ஏற்றிக்கொண்டு, பிள்ளைகளைத் தோளில் வைத்துக்கொண்டு, நாயைக் கட்டிப்பிடித்துக்கொண்டு போனார்கள். வாசலில் ஆள் உயரத்துக்கு நின்ற பழுப்பு வெள்ளம் படியைத் தாண்டிய இடத்தில் காற்றாக மாறிக்கொண்டிருந்தது. அந்தக் காற்று எல்லா ஜன்னல்களிலும் ஊளையிட்டு வெளியேறி, வெளியே மழையோடு மழையாகக் கொட்டியது. வீட்டுக்குள் தரை உலர்ந்து கிடந்தது. சேறு மட்டும் பொடியாகி வாசலில் குவிந்தது, வெல்டர் அதை முறத்தால் அள்ளி ஜன்னல் வழியாகப் போட்டுக்கொண்டேயிருந்தார். ஒவ்வொருவரும் நீரிலிருந்து ஒரு அடி எடுத்து வைத்தார்கள், அடுத்த அடியில் காய்ந்த தலையோடும் காய்ந்த துணியோடும் நின்றார்கள். இரண்டு பேருக்கே போதுமான அந்தக் கூடத்தில் தெரு முழுக்க நெருங்கி உட்கார்ந்திருந்தது. யாருடைய பிள்ளை யார் மடியில், யாருடைய பிஸ்கட் யார் கையில் என்று கணக்கில்லை. இரும்புக்குள் எலக்ட்ரான்கள் இப்படித்தான் இருக்கும், எது யாருடையது என்றே கிடையாது, அதனால்தான் வளைத்தால் உடையாமல் வளைகிறது என்று டீச்சர் கணவரிடம் முன்பு ஒருநாள் சொல்லியிருந்தார். வெல்டர் கூடத்தைப் பார்த்தபோது அது அவருக்கு ஞாபகம் வந்திருக்கும். "நல்ல இரும்பு" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

தையல்காரம்மா மட்டும் வரவில்லை. முதலில் அது தெரியவில்லை, அவ்வளவு கூட்டம். டீச்சர்தான் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே வந்து, கடைசி முகத்துக்குப் பிறகு மறுபடி முதலிலிருந்து பார்த்தார். வாடிக்கையாளர் துணிகளை மேல்பரணில் ஏற்றிவிட்டு வருகிறேன் என்று சொன்னதாக யாரோ சொன்னார்கள். மதிலின் கேட் வெள்ளத்தில் மூழ்கியிருந்தது. தாழ்ப்பாள் இருந்திருந்தால் அது அப்போது மூடிக் கிடந்திருக்கும், திறக்க முடிந்திருக்காது. வெல்டர் இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு இறங்கப் போனார். இறங்கவில்லை, ஏனென்றால் அந்த நேரத்தில் கேட்டைத் தாண்டி ஒரு பித்தளைக் குடம் கவிழ்ந்தபடி மிதந்து வந்தது. குடத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, அதன் பின்னால் தையல்காரம்மா வந்தார். தண்ணீர் இல்லாத குடம் ஆளைத் தாங்கும் என்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது. வெல்டர் கயிற்றை வீசி இழுத்தார்.

தையல்காரம்மா வாசலுக்கு வந்துசேர்ந்தார். தலைமுடி முகத்தில் ஒட்டி, உதடு நீலம் பாரித்து, உடம்பு வெடவெடவென்று நடுங்கியது. ஒரு கை குடத்தில், ஒரு கை நிலைப்படியில். அந்த நிலையிலும் அவர் டீச்சரைப் பார்த்துத்தான் பேசினார்.

"கதவைச் சாத்திடாத டீச்சர்."

அவ்வளவுதான். படியைத் தாண்டி உள்ளே விழுந்தார், விழும்போதே உலர்ந்துவிட்டார். டீச்சர் தரையில் உட்கார்ந்து அவரை மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டு அழுதார். அந்த வீட்டில் அதற்கு முன்னும் அழுதிருக்கிறார், கன்னம் நனைந்ததில்லை. அன்று கண்ணிலிருந்து ஒரு சொட்டு இறங்கியது. இறங்கியது போய்விடவில்லை. கன்னத்தின் நடுவில், உருண்டையாக, நடுங்கிக்கொண்டு நின்றது.

அதை முதலில் பார்த்தது பஞ்சு. தன் வீட்டில் அவள் பிறந்ததிலிருந்து பார்த்திராத பொருள் அது. பக்கத்தில் குந்தி, விரலை நீட்டி, தொடாமல் சொன்னாள்: "அம்மா, பெரியம்மா வீட்டுத் தண்ணி ஒண்ணு உன் கன்னத்துல இருக்கு."

கூடம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. அடுத்த நொடி கூடம் முழுக்க வாசலைப் பார்த்தது. ஒரு சொட்டு நிற்கலாம் என்றால் ஆறும் நிற்கலாம். ஆள் உயர வெள்ளம் படியில் நின்று உள்ளே பார்த்துக்கொண்டிருந்தது, பிள்ளைகளை வைத்திருந்தவர்கள் பிள்ளைகளைத் தலைக்கு மேலே தூக்கினார்கள். டீச்சருக்குக் கண்ணைத் துடைக்கவும் தைரியமில்லை. கன்னத்துச் சொட்டு மெதுவாகத் தாடைக்கு இறங்கி, அங்கே கொஞ்சம் தொங்கி, தையல்காரம்மாவின் நெற்றியில் விழுந்து தெறித்தது. வெள்ளம் படியைத் தாண்டியது, எப்போதும் போலக் காற்றாகி ஜன்னல் வழியாகப் போனது. யாரோ ஒருவர் சிரித்தார். பிறகு எல்லோருமே கொஞ்சம் அழுதார்கள். அதுவும் நின்றது, எல்லோர் கன்னத்திலும்.

ஆறு வடிந்து தெரு மறுபடி தெருவாக ஆன பிறகு, வெல்டர் ஒரு ஒழுங்குக்காகக் குழாயைத் திறந்து பார்த்தார். திரை படபடத்தது, மூடிவிட்டார். அதற்குப் பிறகு யாரும் திறந்து பார்க்கவில்லை. பித்தளைக் குடத்தில் ஒரு பக்கம் நசுங்கியிருந்தது. நிமிர்த்தித் தரட்டுமா என்று வெல்டர் கேட்டதற்குத் தையல்காரம்மா, தண்ணீர் பிடிக்கிறதல்லவா, போதும் என்றுவிட்டார். எங்கள் பள்ளியில் தேர்வுக்கு முன்னால் இன்றும் பாடம் அடிக்கிறார்கள். வேதியியலில் மட்டும் அடிப்பதில்லை. பிள்ளைகளுக்கு அதில் கொஞ்சம் வருத்தம்தான்.

அந்த வீட்டில் இப்போதும் தண்ணீர் நிற்பதில்லை, கண்ணீர் மட்டும் நிற்கும். எங்களுக்கு அது பழகிவிட்டது. வீட்டில் யாருக்காவது மனசு சரியில்லை என்றால் நைட்ரஜன் வீட்டுக்குப் போய் உட்கார்ந்துவிட்டு வருகிறோம். முகம் துடைக்கத் துண்டுக்கு அங்கே பஞ்சமில்லை, தெருவின் துண்டெல்லாம் அங்கேதான் காய்கிறது. திரும்பும்போது தூறலுக்குக் குடையை எடுத்துக்கொள்ள வேண்டும், எடுத்த இடத்தில் மாட்டவும் வேண்டும்.